விரிசல் இல்லாத அச்சு

என் அண்ணன் அமிர்தராஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் அச்சு பார்க்கிறவர். ரயில் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கனத்த இரும்புத் தண்டுதான் அச்சு. வண்டியைக் கழற்றிப் போட்டதும் தண்டின் முனையில் எண்ணெய் தடவி ஒரு சின்னக் கருவியை வைப்பார். பக்கத்துப் பெட்டியின் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடும். கோடு நடுவில் துள்ளினால் உள்ளே விரிசல் என்று பொருள். சிவப்புப் பெயிண்ட் அடித்து அந்த அச்சை ஓரங்கட்டி விடுவார்கள். துள்ளாவிட்டால் நல்ல அச்சு, திரும்ப வண்டியில் மாட்டிப் பாரம் ஏற்றலாம். வருஷக்கணக்கில் இதையே செய்து செய்து, மனுஷர்களையும் அவர் இந்த இரண்டு வகையில்தான் சேர்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தம்பி அருள்நாதனை அவர் நல்ல அச்சு வகையில் சேர்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

"கை இருக்கு, கால் இருக்கு, மூணு வேளையும் திங்கிறான். வியாதி எங்க இருக்கு? காட்டு பாப்போம்" என்பார். "திமிரு மேரி, திமிரு. நீ குடுக்கிற இடம்."

மேரி என்பது நான். செல்வமேரி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு தடவை பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு தடவையும் அருள் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்து மாப்பிள்ளையின் அப்பாவிடம், "நீங்க ரேடியோவுல பேசறதை நிறுத்துங்க" என்றான். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. எனக்கும் யாராவது வந்தால் காபி போட வேண்டுமே என்ற அலுப்புதான் இருந்தது.

அருள் காலேஜில் இயற்பியல் படித்தவன். 1969ல், பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்று, தன் விடைகளை யாரோ ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்கள் என்று கத்தினான். அன்றைக்கு உள்ளே புகுந்த குரல்கள் இன்றுவரை வெளியே போகவில்லை. மாத்திரை கொடுத்தோம், தலையில் கரண்ட் வைத்தார்கள், அம்மா நேர்ந்துகொள்ளாத மாதா கோயில் கிடையாது. கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும். ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்தின் மேல் மாடி மாடியாக ஏற்றிக்கொண்டிருந்த வருஷங்களில் அவன் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், சாரத்தை அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நிற்பான். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய் அவனைக் கூட்டிக்கொண்டு காட்டூர் பஸ்ஸில் ஏறுவேன். கோபுரம் கட்டி முடித்துக் கும்பாபிஷேகம் நடந்தபோது, ஊரே சந்தோஷப்பட்டது. என் சந்தோஷம் வேறு காரணத்துக்காக.

அவனைக் குளிக்க வைக்க வேண்டும். தாடியை மழித்துவிட வேண்டும். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அம்மா இருந்தவரை இதில் பாதி அவள் கையில் இருந்தது. போன தவக்காலத்தில் அம்மா போய்ச் சேர்ந்ததும் முழுசும் என் தலையில் விழுந்தது.

அண்ணனுக்கு டிசம்பரில் ஓய்வு. ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பா கட்டின காட்டூர் வீட்டுக்குத்தான் வரவேண்டும், அது நியாயம்தான். டோரதி அண்ணிக்கும் வேறு போக்கில்லை. ஆனால் அருள் இருக்கும் வீட்டுக்கு அவள் வரமாட்டேன் என்றாள். அண்ணன் அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். தெற்கே ஓர் ஊரில் இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்ள ஒரு கொட்டகை இருக்கிறதாம். ஜெபம், வேலை, கட்டுப்பாடு. ஒரே வருஷத்தில் திமிர் இறங்கிவிடுமாம்.

அந்தக் கொட்டகையை நான் போய்ப் பார்த்தேன். கீற்றுக் கூரை. ஆளுக்கு ஒரு மரத்தூண், தூணுக்கும் காலுக்கும் நடுவில் சங்கிலி. அருள் வயசுக்காரர் ஒருவர் என் முந்தானையைப் பிடித்து, "டீச்சரம்மா, மணி என்ன?" என்று கேட்டார். சொன்னேன். உடனே மறுபடி கேட்டார். நான் டீச்சர் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. அழுகையோடு கூடவே, அவனை இங்கே விட்டுவிட்டால் ஒரு நாளாவது விடியும்வரை தூங்கலாமே என்ற நினைப்பும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. யார் வேண்டுமானாலும் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் வஹீதா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அருளுக்கு மனநல வைத்தியம் பார்க்கிறவர் அவர். சின்ன வயசு, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுவார்.

"டீச்சர், புத்தூர்ல தலையை ஸ்கேன் பண்ற மெஷின் வந்திருக்கு தெரியுமா? எக்ஸ்ரேயில எலும்புதான் தெரியும். இதுல மூளையே தெரியும், துண்டு துண்டா நறுக்கி வெச்ச மாதிரி. நாங்க ஒரு ஆராய்ச்சி பண்றோம். இந்த வியாதி இருக்கிறவங்களையும், அவங்க கூடப் பொறந்தவங்கள்ல நல்லா இருக்கிற ஒருத்தரையும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கணும்."

"எதுக்கு?"

"மூளைக்கு நடுவுல தண்ணி நிக்கிற அறை இருக்கு. எல்லாருக்கும் இருக்கும். வெளிநாட்டுல பாத்ததுல, இந்த வியாதிக்காரங்கள்ல சில பேருக்கு அது பெரிசா இருக்காம். படத்துல கருப்பாத் தெரியும். நம்ம ஆளுங்களுக்கும் அப்படி இருக்கான்னு பாக்கணும்."

எனக்குச் சட்டென்று அண்ணன் முகம்தான் ஞாபகம் வந்தது. கோடு துள்ளினால் போதும் அவருக்கு.

"படத்தை எங்க கையில குடுப்பீங்களா டாக்டர்?"

"ஆராய்ச்சிப் படத்தைக் குடுக்கிற வழக்கம் இல்லை."

"அப்ப நாங்க வரலை" என்று எழுந்துவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளிடம் காட்டும் விறைப்பு அது. டாக்டர் சிரித்துவிட்டு, அளவெடுத்து முடித்ததும் இன்னொரு பிரதி போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். நடுவில் கருப்பு பெரிதாக இருந்தால் வியாதி என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். சில பேருக்கு என்று டாக்டர் சொன்னதை நான் விழுங்கிவிட்டேன். அண்ணனுக்குச் சில பேர் கணக்கெல்லாம் புரியாது.

"படத்துல தெரியட்டும், நான் வாயை மூடிக்கிறேன்" என்றார். "தெரியலைன்னா டிசம்பர்ல அவன் கிளம்பணும். நீ குறுக்க வரக் கூடாது."

சரி என்றேன். எனக்கு நம்பிக்கை இருந்தது. இத்தனை வருஷக் கூத்துக்கு உள்ளே ஒரு தடயம்கூட இல்லாமலா போய்விடும்?

ஸ்கேன் அன்றைக்கு அருள் தங்கமாக நடந்துகொண்டான். குழலுக்குள் தலையைக் கொடுத்துவிட்டு அசையாமல் படுத்திருந்தான். வெளியே வந்து, "உள்ள சத்தமா இருந்துச்சு. அவங்க பேசறது கேக்கலை. நல்லா இருந்துச்சு" என்றான். படாதபாடு பட்டது நான்தான். மெஷின் ஓட்டுகிற நல்லுசாமி, கொண்டை ஊசி, சங்கிலி, தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். இடது காதுத் தோடு கழலவில்லை. சின்ன வயசில், கோயிலில் எனக்கு உறுதிபூசுதல் கொடுத்த வருஷம் அம்மா போட்டுவிட்டது அது; திருகாணி இறுகிப்போய் எத்தனையோ வருஷமாகிறது. சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தார், என் காதுதான் சிவந்தது.

"விடுங்க டீச்சர். கடைசிப் படத்துல மட்டும்தான் காது வரும். அங்க வெள்ளையா நட்சத்திரம் மாதிரி அடிக்கும், பரவால்ல. மேல உள்ள படம்தான் நமக்கு முக்கியம்."

குழலுக்குள் போனதும் எனக்கு மூச்சு முட்டியது. மூளைக்குள் இருக்கிற நினைப்பெல்லாம் படத்தில் விழுந்துவிடுமோ என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு பயம். அந்தக் கொட்டகையிலிருந்து பஸ்ஸில் வந்தபோது நினைத்ததும் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். டாக்டர் வஹீதா கையைப் பிடித்துக்கொண்டார். படத்தில் எங்கள் பெயர் வராது, எண் மட்டும்தான் என்றும் சொன்னார். படம் பார்த்து அளக்கும் டாக்டருக்கு யார் நோயாளி, யார் கூடப் பிறந்தவர் என்று தெரியக் கூடாதாம். தெரிந்தால் கண் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். அருளுக்குப் பதினொன்று, எனக்குப் பன்னிரண்டு.

மழைக்காலம் தொடங்கின பிறகு ஒருநாள் டாக்டர் வரச் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு, பாலக்கரையில் பஸ் மாறி, நனைந்த புடவையோடு போய்ச் சேர்ந்தேன். விளக்குப் பெட்டியில் இரண்டு படம் மாட்டியிருந்தது. மண்டை ஓடு வெள்ளை வளையம், உள்ளே சாம்பல் நிறம், நடுவே கருப்பு. நான் கரும்பலகையில் போடும் அடைப்புக்குறி இரண்டை முதுகோடு முதுகு ஒட்டி வைத்தது போல இருந்தது அந்தக் கருப்பு. இடது பக்கப் படத்தில் சாக்பீஸ் கோடு அளவுக்கு மெலிசு. வலது பக்கத்தில் தடித்து, ஊதி, அகன்று கிடந்தது.

"தெரியுதே டாக்டர்!" என்று கத்திவிட்டேன். "நல்லாவே தெரியுதே! இவ்ளோ பெரிசா!"

அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"டீச்சர், படத்தை அளந்த டாக்டரும் அப்படித்தான் சொன்னார். இது ரெண்டுல பன்னிரண்டுதான் நோயாளின்னு எழுதினார்" என்று நிறுத்தினார். "பன்னிரண்டு நீங்க."

குனிந்து மூலையைப் பார்த்தேன். பன்னிரண்டுதான். கடைசி வரிசைப் படத்தில், காதிருக்கும் இடத்தில், வெள்ளையாகக் கோடு கோடாக அடித்திருந்தது என் அம்மா போட்ட தோடு.

"அருளோடது?"

"அவரோடது ரொம்பச் சாதாரணமா இருக்கு. ஒண்ணும் இல்லை."

பயம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அவனுக்கு வந்த வியாதியின் அடையாளத்தைக்கூட நான்தான் சுமக்க வேண்டுமா? அதற்கும் நான்தானா கிடைத்தேன்? டாக்டர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

"எனக்கும் வருமா?"

"உங்க வயசுக்கு இனிமே வர்றது ரொம்ப அபூர்வம். பயப்படாதீங்க. சில பேருக்கு இயல்பாவே அது பெரிசா இருக்கும், நல்லா இருப்பாங்க. குடும்பத்துல ஓடற ஏதோ ஒண்ணா இருக்கலாம், அது என்னன்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதுக்குத்தானே இந்த ஆராய்ச்சி. ஆனா ஒண்ணு. படத்துல தெரியலைங்கிறதால அருளுக்கு வியாதி இல்லைன்னு ஆயிடாது. படம் வேற, வியாதி வேற."

"எங்க அண்ணனுக்கு அது ஏறாது டாக்டர்."

"நான் எழுதித் தரேன்."

"அவர் எழுத்தை நம்புற ஆள் இல்லை. கோடு துள்ளுதான்னு பாக்கிற ஆள்."

டாக்டர் இரண்டு பிரதியையும் பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார். மழையில் அது நனையாமல் இருக்கப் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அருள் மின்விசிறி ஓடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாப்பாடு போட்டேன். அவன் சாப்பிட்டான். அவன் நெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே எல்லாம் ஒழுங்காக, அடுக்கி வைத்தாற்போல் இருக்கிறதாம். வெளியே மட்டும்தான் இந்தக் கோலம்.

ஞாயிறு பூசை முடிந்து அண்ணனும் அண்ணியும் நேரே காட்டூர் வந்தார்கள். அண்ணி கையில் அளவு நாடா. பீரோ எங்கே நிற்கும், கட்டில் எங்கே போடலாம் என்று அறை அறையாக அளந்தாள். அருளின் அறையையும் அளந்தாள். அவன் சுவரோரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

"படம் வந்துச்சா?" என்றார் அண்ணன்.

கவரைக் கொடுத்தேன். பஸ்ஸில் வரும்போதும், வகுப்பில் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அண்ணே, படம் வேற, வியாதி வேற. இதுதான் முதல் வாக்கியம். எனக்கே அது உப்புச் சப்பில்லாமல் இருந்தது. இருந்தாலும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

அவர் ஜன்னலோரம் போய், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, இரண்டு படத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பணிமனையில் திரையைப் பார்ப்பது போலவே தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்றைத் தாழ்த்திவிட்டு மற்றதை உயரப் பிடித்தார். என்னுடையது.

"இது தம்பியோடது" என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

"யப்பா! எவ்ளோ பெரிய ஓட்டை!" அவர் குரல் உடைந்துவிட்டது. "இதை உள்ள வெச்சுக்கிட்டா இவன் இத்தனை வருஷம் நடமாடினான்? மேரி, நான் இவனை பெல்ட்டால அடிச்சிருக்கேன் மேரி. எந்திரிச்சு வேலைக்குப் போடான்னு அடிச்சிருக்கேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கொட்டகையில் தூணோரம் உட்கார்ந்து மணி கேட்டவர் ஞாபகம் வந்தார். அதற்குப் பிறகு ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு படத்தை எடுத்தார். அருளின் படம்.

"இது உன்னுது. பாரு, எவ்ளோ சுத்தமா இருக்கு. ஒரு துள்ளல் இல்லை. அதான் நீ எல்லாத்தையும் தாங்குறே. நானும் நெனைச்சிருக்கேன், இவளுக்கு மட்டும் எப்படி முடியுதுன்னு."

அப்போது அருள் சுவரை விட்டு நகர்ந்து வந்தான். ஜன்னலில் சாய்த்து வைத்திருந்த பன்னிரண்டாம் எண் படத்தின் கீழ் மூலையைத் தொட்டான்.

"அண்ணே, இது அக்கா தோடு" என்றான்.

அவனுக்கு முன்னால்தானே நல்லுசாமி சோப்புத் தண்ணீர் போட்டு என் காதோடு மல்லுக்கட்டினார். பழைய இயற்பியல் மாணவன், மறக்காமல் வைத்திருக்கிறான்.

அண்ணன் அவனைப் பார்த்தார். கோபமே இல்லாமல் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் தலையில் கையை வைத்தார்.

"சரிடா தம்பி. அக்கா தோடுதான். நீ சாப்பிட்டியா?"

"இல்லண்ணே, நெஜமாவே அக்கா..."

"சரி, சரி. அலட்டிக்காதே. உக்காரு."

அருள் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் சொன்னது முழு உண்மை. வியாதிக்காரன் என்று நிரூபணமான நிமிஷத்தில் சொன்னான், அதனால் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவனை நம்பவிடாமல் செய்தவள் நான்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அசையவில்லை.

அண்ணனும் அண்ணியும் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசினார்கள். திரும்பி வந்தபோது அளவு நாடா அண்ணியின் கைப்பைக்குள் போயிருந்தது.

"அவன் எங்கேயும் போக வேணாம்" என்றார் அண்ணன். "இங்கேயே இருக்கட்டும். மூளையில இவ்ளோ பெரிய கோளாறை வெச்சுக்கிட்டு இருக்கிறவனை அங்க அனுப்பினா அப்பா ஆத்துமா மன்னிக்காது."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இனிமேல் மூன்று பேர், இவர் குளிக்க வைப்பார், அண்ணி சோறு போடுவாள், நான் ஒரு சனிக்கிழமையாவது மத்தியானம் படுப்பேன் என்று அந்த ஒரு கணத்தில் என்னென்னவோ கணக்குப் போட்டேன்.

"நாங்க வேற வீடு பாத்துக்கிறோம்" என்றார். "பொன்மலையிலயே வாடகைக்குக் கிடைக்கும். டோரதிக்கு இதெல்லாம் தாங்காது, அவளுக்கு ரத்தக் கொதிப்பு வேற. நீதான் இருக்கியே. உனக்கென்ன மேரி, நல்ல அச்சு."

வாசல்வரை போய் வழியனுப்பினேன். அண்ணி என் கன்னத்தைத் தொட்டு, "சேசு உனக்குப் பலம் குடுப்பார்" என்றாள். மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் தஞ்சாவூர் ரோட்டுக்கு நடந்து போகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அதனால் யாரிடமும் ஒன்றும் சொல்லிக்கொள்ள வழியில்லை.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே கிடந்தேன். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் தேய்க்கவில்லை. திங்கட்கிழமைக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள் மேஜை மேல் கிடந்தது. சாயங்காலம் ஆறுமணிக்கு அருளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். எழுந்திருக்க முடியவில்லை. உடம்பில் எங்கேயும் வலி இல்லை, எழுந்திருக்க மட்டும் முடியவில்லை.

அருள் ஜன்னலோரம் நின்று பன்னிரண்டாம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் குறையக் குறைய அதன் நடுவில் இருந்த கருப்பும் சுற்றியிருந்த சாம்பலும் ஒன்றாகிவிட்டன. பிறகு என் பக்கத்தில் வந்து, இடது காதைத் தொட்டுப் பார்த்தான்.

"வலிக்குதாக்கா?"

"காதா? அது அப்பவே சரியாயிடுச்சு."

"காதில்லை. உள்ள."

"இல்லடா. அசதியா இருக்கு. அவ்வளவுதான்."

அவன் உள்ளே போனான். டப்பா திறக்கிற சத்தம் கேட்டது, குடத்தில் தம்ளர் மோதுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் எதிரில் நின்று மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். நான் சொல்லாமலே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். பிறகு மூடியிருந்த இன்னொரு கையை என்னிடம் நீட்டி விரித்தான். அதில் இன்னொரு மாத்திரை இருந்தது.

"நீயும் ஒண்ணு போட்டுக்க" என்றான்.

வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு உடம்பு முடியவில்லை என்று நினைத்த முதல் ஆள் அவன்தான்.